மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமங்களில் களஆய்வு: கேள்வியைத் தேர்வதிலிருந்து எழுதி முடிப்பதுவரை

வினாக்கொத்து ஒன்றை அச்சடித்து, ஊருக்குப் போய், நூறு பேரிடம் நிரப்பி வாங்கி வருவதுதான் களஆய்வு என்று நம் மாணவர்களில் பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பெயர் கணக்கெடுப்பு. அதற்கும் பயன் உண்டு. ஆனால் ஒரு தாய் தன் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் குசினியில் படுப்பது ஏன் என்பதை எந்த வினாக்கொத்தும் சொல்லாது. அதை அறிய அந்த வளவில் பல மாலைகள் போய் இருக்க வேண்டும். இருந்து, பார்த்து, கைகொடுத்து, கேட்டு, அன்றிரவே எழுதிவைக்கும் இந்த வேலையைத்தான் இனவரைவியல் என்கிறோம்.

இந்த முறைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் போலந்தில் பிறந்த புரொனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி. 1915க்கும் 1918க்கும் இடையில் நியூகினித் தீவை அடுத்த துரோபிரியாண்ட் தீவுகளில் கூடாரம் அடித்துத் தங்கினார். அந்த மக்களின் மொழியைக் கற்றார். 1922இல் தன் பெரிய நூலை வெளியிட்டார். லண்டனில் அவருக்கு வழிகாட்டியாக இருந்த சார்ள்ஸ் செலிக்மன், மனைவி பிரெண்டாவுடன் அதற்கு முன்பே இலங்கைக்கு வந்து வேடர்களை ஆராய்ந்தவர். அவர்கள் 1911இல் வெளியிட்ட நூலில் நம் கிழக்குக் கரையோர வேடர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்தத் துறைக்கு நம் மண் புதியதல்ல. நாம் இவ்வளவு காலமும் ஆராயப்படும் பக்கத்திலேயே இருந்தோம், அவ்வளவுதான்.

கேள்வியைச் சுருக்குங்கள்

"மட்டக்களப்புத் தமிழரின் பண்பாடு" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. தாய்வழியாக வரும் குலமான குடியை எடுத்து, "குடி முறை" என்றாலும் பெரிதுதான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969இல் அக்கரைப்பற்றில் தொடங்கிய ஆய்வைப் பெரிய நூலாக்கியது 2008இல். உங்களுக்கு ஓர் ஆண்டு கிடைத்தாலே பெரிய காரியம். அந்தக் காலத்துக்குள் கண்ணால் பார்த்து முடிக்கக்கூடிய ஒன்றைத் தேருங்கள். இந்த ஊரில் எந்த மகளுக்கு எந்த வீடு என்பதை யார், எப்போது, எப்படி முடிவுசெய்கிறார்கள்? கோயிலில் காளாஞ்சி (குடிகளுக்கு மரியாதையாகத் தரும் பிரசாதம்) கொடுக்கும் வரிசை யாருடைய நினைவில் இருக்கிறது, அதில் தகராறு வந்தால் யாரிடம் போகிறார்கள்? வாவியில் வலை போடும் இடங்களைக் குடும்பங்கள் எப்படித் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன? நல்ல கேள்வி என்றால் அதற்குள் ஆட்கள் தெரிவார்கள், ஓர் இடம் தெரியும், செய்யப்படும் ஒரு காரியம் தெரியும்.

போவதற்கு முன் படித்துவிட்டுப் போங்கள். வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இன்றும் எங்கள் பகுதிக்கு நல்ல வாசல். அதில் உள்ளதை ஊரில் போய்ச் சரிபார்க்கும் எண்ணத்தோடு மட்டும் போகாதீர்கள். நூல் சொல்லும் சடங்கை ஊர் வேறுவிதமாகச் செய்தால், தவறியது ஊர் என்று எழுதிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

காலத்தைப் பார்த்துப் போங்கள்

நம் ஊர்களின் ஆண்டு பல்கலைக்கழகத் தவணைக்கு ஏற்ப ஓடுவதில்லை. கண்ணகி அம்மன் கோயில்களில் பல வைகாசிச் சடங்குக்காகவே கதவு திறப்பவை. கலியாணக்கால் நடுவது முதல், அம்மனைக் குளிர்விக்கும் நிறைவுச் சடங்கான குளிர்த்தி வரை சில நாட்களுக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். தவறவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம். பெரும்போக வேளாண்மை மாரியை நம்பி விதைக்கப்பட்டு, தைக்குப் பிறகு அறுவடையாகிறது. அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசும் இரவில் ஓய்வும் வந்த பிறகுதான் கூத்துப் பழகும் சத்தம் கேட்கத் தொடங்கும். நோன்பு மாதம் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்துகொண்டிருக்கும். முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ பகல் நேர்காணலுக்கு அந்த மாதத்தில் நாள் குறிக்காதீர்கள். ஆனால் அந்த இரவுகளில் ஊரோடு இருந்து பார்க்கக் கிடைப்பது மிக அதிகம்.

கார்த்திகை, மார்கழியில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போகிறவர்கள் வெள்ளம் வந்தால் எங்கே தங்குவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதும் வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையும் படுவான்கரையும் நெருங்கிவிட்டன என்பது உண்மைதான். ஆனால் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் பறந்து போகிறவருக்கு வழியில் ஒருவரும் அறிமுகமாக மாட்டார்கள். இன்னும் பாதை (ஆட்களைக் கரை சேர்க்கும் மிதவை) ஓடும் துறை கிடைத்தால் அதில் ஏறுங்கள். கரை சேர்வதற்குள் நீங்கள் யார், எங்கே போகிறீர்கள், யார் வீட்டுக்கு என்பதெல்லாம் விசாரிக்கப்பட்டிருக்கும். உங்களுக்கு முன்பே அந்தச் செய்தி ஊருக்குள் போய்விடும்.

நுழைவு: ஊர் முதலில் உங்களை ஆராயும்

கடிதங்கள் வேண்டும். பல்கலைக்கழகக் கடிதத்தோடு பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் போய்ச் சொல்லிவிடுங்கள். கோயில் சம்பந்தமானது என்றால் கோயில் நிர்வாகியான வண்ணக்கரிடமும், பள்ளிவாசல் சம்பந்தமானது என்றால் நம்பிக்கையாளர் சபையிடமும், கடற்கரை என்றால் கடற்றொழிலாளர் சங்கத்திடமும் பேசுங்கள். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இந்த அனுமதியோடு உள்ளே போய்விட்டதாக நினைத்தால் தவறு. வண்ணக்கர் கைப்பிடித்து அழைத்துப் போனவரிடம், வண்ணக்கரோடு மனத்தாங்கல் உள்ள குடும்பம் வாய் திறக்காது. அதனால் முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று வெவ்வேறு வாசல்களால் ஊருக்குள் போங்கள்: ஒரு நாள் தேநீர்க் கடை, ஒரு நாள் மாதர் சங்கக் கூட்டம், இன்னொரு நாள் ஒரு சாவு வீடு. அழைப்பு இல்லாமல் போகக்கூடிய இடம் சாவு வீடு ஒன்றுதான். அங்கே ஆய்வாளராகப் போகாமல் மனிதராகப் போங்கள்; கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

முதல் நாட்களில் கேள்வி கேட்பது நீங்கள் அல்ல. எந்த ஊர், யாருடைய பிள்ளை, தாயின் ஊர் எது, கலியாணம் முடிந்ததா என்று அவர்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்கும் வரிசையையே குறித்து வையுங்கள். தகப்பனின் ஊரைக் கேட்டபின் தாயின் ஊரைக் கேட்டு அங்கே நின்றால், அவர்கள் தேடுவது உங்கள் குடியை. நேரடியாக "என்ன குடி?" என்று கேட்க இன்று பலர் தயங்குகிறார்கள். நீங்களும் முதல் சந்திப்பில் அதைக் கேட்கக் கூடாது. சாதியைக் கேட்பதாகவே அது காதில் விழும்.

இன்னொரு உண்மையையும் தெரிந்துகொண்டு போங்கள். 2004 கடல்கோளுக்குப் பிறகு இந்தக் கரையில் படிவமும் பேனையுமாக வந்தவர்களுக்கு அளவே இல்லை. போரின் இழப்புகளைப் பதிந்துகொண்டு போனவர்களும் பலர். எழுதிக்கொண்டு போனதற்கு என்ன நடந்தது என்று ஒருவரும் திரும்பி வந்து சொல்லவில்லை. எனவே கொப்பியைக் கண்டதும் "எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்பார்கள். அது பேராசைக் கேள்வி அல்ல, அனுபவக் கேள்வி. நிவாரணம் இல்லை, வீடு இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை, இது படிப்புக்கானது என்று முதல் நாளே நேராகச் சொல்லுங்கள். அதன்பின் சிலர் பேச மாட்டார்கள். பேசுகிறவர்கள் பேச விரும்பிப் பேசுவார்கள்.

முறை சொல்லி அழைப்பதிலும் கவனம் வேண்டும். முஸ்லிம் வீடுகளில் காக்கா, ராத்தா, உம்மா. தமிழ் வீடுகளில் அண்ணன், அக்கா, அம்மா என்று அழைத்தால் ஒரு சிக்கலும் வராது. இளம் ஆண் மாணவர் ஒருவர் மரியாதைக்கென்று ஒரு பெண்மணியை "மாமி" என்று அழைத்துவிட்டால், அந்த வீட்டு மகள் அவருக்கு மச்சாள் முறையாகிவிடுகிறாள். ஊர் அதைச் சிரித்துக்கொண்டே கவனிக்கும். மகள் உள்ள வீட்டில் "அம்மா" என்றே தொடங்குங்கள். வேறு முறை வேண்டுமானால் அவர்களே சொல்லித் தருவார்கள்.

ஆண் மாணவருக்குக் குசினி கிடைக்காது. பெண் மாணவருக்கு நள்ளிரவுக் கூத்துக் களரி எளிதில் கிடைக்காது. முடிந்தால் இருவராகச் சேர்ந்து ஓர் ஊரை எடுங்கள். முடியாவிட்டால் எந்தப் பாதியைப் பார்த்தீர்கள் என்பதை ஆய்வில் வெளிப்படையாக எழுதுங்கள்.

இருத்தல், வரைதல், பழகுதல்

பேச்சு எளிதில் வராத முதல் வாரங்களில் கைவேலை உதவும். ஊரின் வரைபடம் ஒன்றைக் கையால் வரையுங்கள்: கடப்புகள் (வளவு வாசல்கள்), கிணறுகள், கோயில், யார் வளவுக்குள் எத்தனை வீடு. கூகுள் வரைபடத்தில் கூரைகள் தெரியும். இரண்டு வளவுக்கு இடையே வேலியில் ஆட்கள் போக விட்டிருக்கும் இடைவெளி தெரியாது. அந்த இடைவெளி உள்ள வளவுகளில் பெரும்பாலும் சகோதரிகள் இருப்பதைக் காண்பீர்கள்.

அடுத்தது வம்சாவளி. டபிள்யூ. எச். ஆர். றிவர்ஸ் 1910இல் முறைப்படுத்தி எழுதிய வழி இன்றும் பயன்படுகிறது. இன்று வழங்கும் குறிகளில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி. ஒருவரிடமிருந்து தொடங்கிப் பெயர் பெயராகக் கேட்டுப் போவது. பாடநூல்கள் தகப்பன் வழியாகத் தொடங்கச் சொன்னால் இங்கே கேட்காதீர்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் குடி தாய்வழியாக வருகிறது. தாயின் தாயிலிருந்து தொடங்கினால் பெயர்கள் சரளமாக வரும். யாருடைய குடி கோயிலில் வண்ணக்கர் தரும், யாருடைய குடி பள்ளிவாசலில் மரைக்காயர் (பள்ளிவாசல் நிர்வாகி) தந்தது என்பதும் அந்தக் கோட்டில்தான் தெளிவாகும்.

வம்சாவளி எழுதும்போது ஒரு பெயருக்குப் பிறகு பேச்சு நின்றுபோகும். 1990இன் போர்க்கால வன்முறையாக இருக்கலாம், கடல்கோளாக இருக்கலாம். "எப்படி இறந்தார்?" என்று கேட்காதீர்கள். கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த பிள்ளையின் பெயருக்குப் போங்கள். காணாமற்போனவரைத் தாய் இன்னும் இருக்கிறவராகச் சொன்னால் இருக்கிறவராகவே எழுதுங்கள். முக்கோணத்தின் மேல் இறந்தவருக்கான கோட்டைப் போட உங்களுக்கு உரிமை இல்லை.

கலையோ தொழிலோ உங்கள் பொருளானால் கற்றுக்கொள்ளக் கேளுங்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் வடமோடி, தென்மோடி என்ற இரு கூத்து வகைகளுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய விடை ஒன்று கிடைக்கும். அதே களரியில் மாலைதோறும் போய் இருந்து, பழகுகிற பையன்களை அவர் எங்கே நிறுத்துகிறார் என்று பாருங்கள். மத்தளத்தில் கை நிற்கிறது. ஒருவன் வரவுத் தாளத்துக்குக் காலைச் சற்று முன்னால் வைத்துவிட்டான். அவர் ஒன்றும் சொல்லாமல் அதே இடத்தைத் திரும்ப அடிக்கிறார். வேறொருவனை, அரசனாக வருகிறவன் என்பதால், ஆட்டம் சரியாக இருந்தும் நிறுத்தி நெஞ்சை நிமிர்த்தச் சொல்கிறார். மூன்றாமவன் பிழைவிட்டும் விட்டுவிடுகிறார்; அவன் தகப்பன் களரிக்குப் பக்கத்தில் இருக்கிறார். எது பிழை, யாருக்குப் பிழை, யார் முன்னிலையில் பிழை என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும்.

கோயிலிலும் அப்படித்தான். "இங்கே எல்லாக் குடிகளும் சமம்" என்று சொல்வார்கள், மனதார நம்பியும் சொல்வார்கள். காளாஞ்சி கொடுக்கும் நேரத்தில் யார் பெயர் முதலில் அழைக்கப்படுகிறது, யார் அந்த நேரத்துக்கு முன்பே வெளியேறிவிட்டார் என்று பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள். சொன்னதைப் பொய் என்று காட்டுவது உங்கள் வேலை அல்ல. சமத்துவம் பேசப்படும் இடத்தில் வரிசை எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்பதே உங்கள் ஆய்வு.

களக் குறிப்பு: அன்றிரவே

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் உள்ளவர் இதைப் படிக்கட்டும். பகலில் நாலு சொல் கிறுக்கிக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் அடங்கும் சிறு கொப்பி போதும். இரவில், படுக்கும் முன், அதை விரித்து எழுதுங்கள். ஒரு மணி நேரம் பார்த்ததை எழுத இரண்டு மணி நேரம் பிடித்தால் சரியாக எழுதுகிறீர்கள். நாளைக்கு என்று வைத்தால் நிகழ்ச்சி போய்விடும், உங்கள் அபிப்பிராயம் மட்டும் மிஞ்சும்.

மாணவர் குறிப்புகளில் அடிக்கடி காணும் வகை இது: "இங்கே பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. தாய் மிகவும் பாசமானவர்." இதில் பார்த்தது ஒன்றுமே இல்லை. அதே மாலையை இப்படி எழுதலாம். விளக்கத்துக்காக நான் கட்டிய மாதிரி இது:

"மாலை நாலரை. வளவில் இரண்டு கட்டடம். முன்னால் ஓட்டு வீடு. பின்னால் பூசாத கல் வீடு, யன்னல் மட்டம்வரை எழும்பியிருக்கிறது, கூரை இல்லை. தாயின் பாயும் தலையணையும் குசினியில். அவருடைய சேலைகள் குசினிக் கொடியில். ஓட்டு வீட்டு அறை பூட்டியிருந்தது, சாவி மூத்த மகளிடம். மருமகன் உள்ளே வந்ததும் தாய் எழுந்து குசினிப் பக்கம் போனார். கதிரையில் இருந்த தகப்பன் எழுந்து திண்ணையில் போய் இருந்தார். கதிரை வெறுமையாக இருந்தது, மருமகன் அதில் இருக்கவில்லை. இரண்டாவது மகள் கல் வீட்டைக் காட்டி, 'அது என்னுடையது. மாரிக்கு முன் கூரை போட வேண்டும்' என்றாள். கலியாணம் எப்போது என்று கேட்டேன். 'மாப்பிள்ளை இன்னும் பார்க்கவில்லை' என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், தகப்பனைத் தவிர."

பாசம் என்ற சொல் இதில் இல்லை. ஆனால் மாப்பிள்ளைக்கு முன்பே வீடு எழும்புவது, சாவி கைமாறியிருப்பது, மருமகன் வந்ததும் வீட்டில் உள்ளவர்களே இடம்மாறுவது, தகப்பன் சிரிக்காதது எல்லாம் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து இவற்றில் எது முக்கியம் என்று முடிவுசெய்யலாம். அப்போது வெறுங்கதிரை பற்றி வேறு நாலு குறிப்புகளும் சேர்ந்திருக்கும். உரையாடலை இங்கே எழுத்து நடையில் தந்திருக்கிறேன். உங்கள் கொப்பியில் அவர்கள் வாயில் வந்தபடியே இருக்க வேண்டும். பார்த்தது, பிறர் சொன்னது, நீங்கள் நினைத்தது மூன்றையும் கலக்காதீர்கள். நினைத்ததைச் சதுர அடைப்புக்குள் போட்டால் போதும்.

நேர்காணல்

இதைத் தள்ளிப்போடுங்கள். ஊரோடு பழகி, எதைக் கேட்பது என்று தெரிந்தபின் தொடங்குவது நல்லது. "ஏன் செய்கிறீர்கள்?" என்றால் "அது முந்தியே உள்ள வழக்கம்" என்று விடை வரும், அதோடு கதவும் மூடும். "கடைசியாக உங்கள் வீட்டில் கலியாணம் நடந்தபோது காணி உறுதியை யார் கொண்டுபோய் எழுதினார்?" என்றால் கதை வரும், சண்டையும் வரும். பெண்ணிடம் கேட்டதற்கு ஆண் விடை சொன்னால் தடுக்காதீர்கள். அதையும் குறித்துக்கொண்டு, அவர் வயலுக்குப் போகும் நாளில் மறுபடி வாருங்கள். ஒலிப்பதிவுக்குத் தொடங்கும்போது ஒரு தடவையும் முடித்தபின் ஒரு தடவையும் சம்மதம் கேளுங்கள். என்ன சொன்னோம் என்பது தெரிந்தபின் தரும் சம்மதம்தான் சம்மதம்.

பெயரை மாற்றினால் போதாது

ஆய்வு நூல்கள் புனைபெயர் இடச் சொல்லும். சிறிய ஊரில் அது பாதுகாப்பு ஆகாது. குறிப்பிட்ட கோயிலில் குறிப்பிட்ட குடிக்கு ஒரே ஒரு வண்ணக்கர்தான் இருப்பார்; பெயரை எப்படி மாற்றினாலும் பக்கத்து வீட்டுக்காரர் அரை நிமிடத்தில் கண்டுபிடிப்பார். ஆகவே சில விவரங்களை மாற்றுங்கள், சில சம்பவங்களை விட்டுவிடுங்கள். கோயில் உரிமையும் காணியும் வழக்காகி நீதிமன்றம் போவது இங்கே அபூர்வமல்ல. உங்கள் குறிப்பு ஒரு தரப்பின் சாட்சியாகிவிடக் கூடாது. பெயர்களும் அவற்றுக்கான குறியீடுகளும் ஒரு கொப்பியில், குறிப்புகள் வேறொன்றில், இரண்டும் வெவ்வேறு இடத்தில். போர்க்காலம் பற்றி யாராவது நம்பிச் சொன்னால், கைத்தொலைபேசியில் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு ஊர்சுற்றாதீர்கள்.

அம்மன் கோயில்களில் பூசை செய்யும் கட்டாடியாரிடம் உள்ள பத்ததி (சடங்கு முறை) ஏடுகளையும் தெய்வம் ஆடும் நேரத்தையும் படம் பிடிக்க முன் கேளுங்கள். மறுத்தால் மறுப்புத்தான். தெய்வம் ஆடுகிறவர் உங்களைப் பார்த்து ஏதாவது சொன்னால் அதையும் எழுதுங்கள். சங்கடமாக இருந்தாலும் அதுவும் தரவு.

குறிப்பிலிருந்து எழுத்துக்கு

எல்லாக் குறிப்பையும் முதலிலிருந்து ஒரே மூச்சில் வாசியுங்கள். திரும்பத் திரும்ப வருவதைக் குறியிடுங்கள். அதைவிட அவசரமாக, ஒத்துவராததைத் தேடுங்கள். வீடு மகளுக்கு என்பது ஊர் வழக்கமானால், மகனுக்கு வீடு போன குடும்பத்தைத் தேடிப் போங்கள். பெண் பிள்ளை இல்லையா, மகள் வெளிநாட்டிலா, வழக்கத்தை மீறினார்களா? மீறியதை ஊர் எப்படிச் சொல்கிறது? வழக்கத்தின் எல்லை அங்கேதான் தெரியும்.

பிறகு அடுத்த ஊரைப் பாருங்கள். மகளுக்கு வீடு கொடுப்பதற்குத் தமிழ் ஊரில் ஒருவர் சைவ சமய விளக்கம் தந்திருப்பார். வேலிக்கு அப்பால் முஸ்லிம் ஊரிலும் மகளுக்கே வீடு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே வருகிறார். அப்படியானால் சமய விளக்கம் மட்டும் போதாது. காணி, தாய்வழிக் குடி, சகோதரிகள் அயலில் இருப்பது என்று வேறு பக்கம் தேட வேண்டும். இரண்டு சமூகங்கள் தோளோடு தோள் உரசி வாழும் இந்தக் கரையில் ஆய்வு செய்கிறவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வசதி இந்த ஒப்பீடு. அதைப் பயன்படுத்தாமல் தன் சமூகத்தை மட்டும் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வரைவு தயாரானதும் ஊருக்குக் கொண்டுபோய், சம்பந்தப்பட்டவர்களிடம் அவர்களைப் பற்றிய பகுதியை வாசித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் தமிழில் சொல்லுங்கள். "அப்படி இல்லை" என்பார்கள். தகவல் பிழையானால் திருத்துங்கள். தன்னைக் குறைத்துக் காட்டுகிறது என்பதற்காக மறுத்தால், அவர் மறுப்பையும் அவர் சொன்ன காரணத்தோடு பிரதியில் சேருங்கள். உங்கள் வாசிப்பு ஒரு பக்கம், அவருடையது மறுபக்கம் நிற்கட்டும். எடுத்த படங்களை அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, முடிந்த ஆய்வின் தமிழ்ப் பிரதி ஒன்றை ஊர்ப் பாடசாலை நூலகத்துக்கும் இன்னொன்றைக் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.